சந்தையை மூடலாமா, திருவிழாவை நிறுத்தலாமா: தொற்றுக் காலத்தில் ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவெடுக்கும் முறை

புதிய தொற்று ஒன்று ஊருக்குள் வந்த முதல் வாரத்திலேயே ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். "எல்லாத்தையும் மூடுங்க" என்பார்கள் ஒரு பக்கத்தார். "சும்மா காய்ச்சலுக்குப் போய் ஊரையே பூட்டுவீங்களா" என்பார்கள் மறுபக்கத்தார். டீக்கடைப் பெஞ்சில் தொடங்குவது வாட்ஸ்அப் குழுவில் சண்டையாகி, கடைசியில் கூட்டம் போட்டாலும் கத்தி ஓய்ந்து கலைந்துவிடுகிறார்கள்.

கேள்வியைத் தவறாகக் கேட்பதால்தான் இப்படி ஆகிறது. "மூடுவதா, வேண்டாமா" என்று கேட்டால் ஒவ்வொருவரும் தன் பயத்தையோ தன் பிழைப்பையோ வைத்துத்தான் பதில் சொல்வார்கள். இரண்டுமே நியாயமானவை என்பதால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். எதைக் கட்டுப்படுத்துவது, எத்தனை நாளுக்கு, எந்த எண்ணிக்கை வந்தால் விலக்கிக்கொள்வது, அதுவரை வரும் நட்டம் யார் தலையில் என்ற நான்கையும் தனித்தனியாகக் கேட்டால் ஒரே கூட்டத்தில் முடிவுக்கு வரலாம். இந்த வழிகாட்டி தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சியை மனதில் வைத்து எழுதியது. குடியிருப்போர் சங்கங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் யாருக்கு என்ன அதிகாரம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாதிக் கூட்டங்கள் வீணாவது, தங்கள் கையில் இல்லாத அதிகாரத்தை வைத்துத் தீர்மானம் போடுவதால்தான்.

ஊரடங்கு, போக்குவரத்துத் தடை, கடை நேரம் ஆகியவற்றுக்கு உத்தரவிடுவது மாநில அரசும் மாவட்ட ஆட்சியரும்தான். 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டம் மாநில அரசுக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியரே தலைவர். பழைய 144 தடை உத்தரவு 2024 ஜூலை 1 முதல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவாகிவிட்டது. அரசு ஊழியரின் உத்தரவை மீறுவதற்கான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 188ஆம் பிரிவு இப்போது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 223. கூட்டத்தில் யாராவது "நூத்தி நாப்பத்தி நாலு போடச் சொல்லுங்க" என்றால் அது ஊராட்சித் தலைவரால் ஆகிற காரியம் இல்லை, மனுவாகத்தான் அனுப்ப முடியும்.

தமிழ்நாட்டுக்கென்று 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. 2020 செப்டம்பரில் முகக்கவசம் அணியாதவர்களுக்கு 200 ரூபாய், பொது இடத்தில் துப்பினால் 500 ரூபாய் என்று அபராதம் வந்தது இந்தச் சட்டத்தைத் திருத்தித்தான். அந்த அபராதத்தையும் அதிகாரம் தரப்பட்ட அலுவலர்கள்தான் வசூலிக்க முடியும். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து "மீறினால் ஐந்நூறு ரூபாய்" என்று தண்டல் போடுவதும், ஒரு குடும்பத்தை ஊர்விலக்கம் செய்வதும் சட்டப்படி செல்லாது. வழக்கு வந்தால் கையெழுத்துப் போட்டவர்கள்தான் மாட்டுவார்கள்.

அப்படியென்றால் ஊராட்சியின் கையில் என்னதான் இருக்கிறது? நிறையவே இருக்கிறது. ஊராட்சி நடத்தும் வாரச்சந்தையின் இடமும் நேரமும், குடிநீர், துப்புரவு, தெருவிளக்கு, சமுதாயக்கூடத்தை வாடகைக்கு விடுவது, தனிமையில் இருக்கும் வீடுகளுக்குப் பொருள் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் ஊரிலேயே முடிவு செய்யலாம். திருவிழாவில் கோயில் நிர்வாகத்தோடு பேசிப் பல மாற்றங்கள் செய்யலாம். இவற்றில் மனதை வையுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். 2020 மார்ச், ஏப்ரலில் பல ஊர்களில் முள்ளை வெட்டிப் போட்டும் கட்டைகளைக் குறுக்கே கட்டியும் சாலையை அடைத்தார்கள். பொதுச் சாலையை மறிக்க ஊருக்கு உரிமை கிடையாது. அதைவிட முக்கியம், அந்த முள்ளைத் தாண்டி ஆம்புலன்ஸ் வராது. நடு இரவில் பிரசவ வலி வந்தால் முதலில் மாட்டுவது உங்கள் ஊர்ப் பெண்தான்.

நோய் பரவும் வழியைக் கேட்காமல் எதையும் பேசாதீர்கள்

எந்தக் கட்டுப்பாட்டையும் விவாதிப்பதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ சுகாதார ஆய்வாளரிடமோ ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது?

டெங்குவுக்குச் சந்தையை மூடிப் பயனில்லை. பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, மூடாத சிமென்ட் தொட்டி ஆகியவற்றில் நிற்கும் நல்ல தண்ணீரில் கொசு முட்டையிடுகிறது. வாரம் ஒருமுறை கவிழ்த்து உலர்த்துவதுதான் கட்டுப்பாடு. வயிற்றுப்போக்கும் காலராவும் என்றால் மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலப்பதும், தெருவின் கடைசிக் குழாயில் குறைந்தது 0.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.2 பங்கு) குளோரின் மிஞ்சுகிறதா என்று சோதிப்பதும்தான் வேலை. கோவிட் போலக் காற்றில் பரவுவது என்றால் மூடிய அறை, நெருக்கம், நேரம் மூன்றும் சேருமிடம்தான் ஆபத்து. அங்கே கிருமிநாசினி தெளிப்பதால் பெரிய பலன் இல்லை.

இது ஏட்டுப் பேச்சு அல்ல. 2020 ஏப்ரலில் திருப்பூரில் சந்தைக்கு வருபவர்கள் மேல் மருந்து தெளிக்கும் சுரங்கம் வைத்தார்கள். பல ஊர்கள் அதைப் பார்த்துச் செய்தன. சில நாட்களிலேயே மாநிலச் சுகாதாரத் துறை அதை நிறுத்தச் சொன்னது. மனிதர்கள் மேல் தெளிப்பது பயனற்றது, கண்ணுக்கும் தோலுக்கும் கெடுதல் என்று மத்திய சுகாதார அமைச்சகமும் அறிவித்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் பரவும் வழியைக் கேட்காமல் செலவழித்த பணம் அது. மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடர் வாங்கத் தீர்மானம் வந்தால், அது எந்த வழியை அடைக்கிறது என்று எழுந்து கேளுங்கள்.

வேப்பிலை கட்டுவதையும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பதையும் கூட்டத்தில் கேலி செய்ய வேண்டாம். அதனால் யாருக்கும் நட்டம் இல்லை. கேலி செய்தால் அந்த வீட்டார் அடுத்த விஷயத்தையும் கேட்க மாட்டார்கள்.

எண்கள்: எங்கே வாங்குவது, எப்படிப் படிப்பது

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே கிராம சுகாதாரச் செவிலியரையும் சுகாதார ஆய்வாளரையும் பார்த்து நான்கு எண்கள் கேட்டு வாங்குங்கள். கடந்த மூன்று வாரமும் வாரவாரியாகப் புதிய நோயாளிகள் எத்தனை, பரிசோதனை எத்தனை, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் எத்தனை, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் வசதியோடு காலியாக இருக்கும் படுக்கைகள் எத்தனை. பெயர் வேண்டாம், கேட்கவும் கூடாது. மாவட்ட எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசினால் உங்கள் ஊருக்குப் பொருந்தாது. உங்கள் ஊரை மட்டும் பார்த்தாலும் போதாது. பக்கத்து வட்டாரத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

தினசரி எண்ணிக்கையை வைத்து வாதிடாதீர்கள். 3,000 பேர் உள்ள ஊரில் நேற்று 2, இன்று 4 என்றால் "இரட்டிப்பாகிவிட்டது" என்று அலற வேண்டியதில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேருக்குச் சோதனை செய்தாலும் அப்படி வரும். ஏழு நாள் கூட்டுத்தொகையைப் பாருங்கள். மூன்று வாரம் தொடர்ந்து 6, 12, 24 என்று போனால் அது பரவல்தான். அதே வேகத்தில் இன்னும் நான்கு வாரம் போனால் 384. அதில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு ஆக்சிஜன் தேவை என்று வைத்தால் ஒரே வாரத்தில் 19 படுக்கை. மருத்துவமனையில் காலியாக இருப்பது எட்டு என்றால் வாதம் அங்கேயே முடிந்துவிடும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எல்லோரும் பார்க்கப் போட வேண்டும். வாயால் சொன்னால் ஏறாது.

நோயாளிகள் குறைந்தால் நிலைமை சரியாகிவிட்டது என்று நினைப்பது இன்னொரு பெரிய தவறு. போன வாரம் 40 பேருக்குச் சோதனை, 8 பேருக்குத் தொற்று. இந்த வாரம் 20 பேருக்குத்தான் சோதனை, 6 பேருக்குத் தொற்று. எண்ணிக்கை எட்டிலிருந்து ஆறாக இறங்கியிருக்கிறது. ஆனால் தொற்று விகிதம் 20 விழுக்காட்டிலிருந்து 30 ஆக ஏறியிருக்கிறது. தேடுவது குறைந்திருக்கிறது, நோய் குறையவில்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. சோதனையில் தெரிந்தவர்கள் மட்டுமே நோயாளிகள் என்று நினைத்தால் நோயின் கொடுமை பெரிதாகத் தெரியும். 2021 ஜூன், ஜூலையில் தமிழ்நாட்டில் எடுத்த இரத்தக் கணக்கெடுப்பில் 66 விழுக்காட்டினர் உடலில் எதிர்ப்பொருள் இருந்தது. பதிவான நோயாளிகளைவிடப் பல மடங்கு பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. ஆகவே "நூறு நோயாளியில் இத்தனை சாவு" என்பதும் "தொற்றிய நூறு பேரில் இத்தனை சாவு" என்பதும் வேறு வேறு. முதல் கணக்கை மட்டும் சொன்னால் பயம் கூடும், இரண்டாவதை மட்டும் சொன்னால் அலட்சியம் கூடும். எதைச் சொல்கிறீர்கள் என்று விளக்கிச் சொல்லுங்கள்.

ஆபத்தைச் சொல்லும்போது "இரண்டு மடங்கு", "ஐம்பது விழுக்காடு அதிகம்" என்பதைத் தவிர்த்து ஆயிரம் பேரில் எத்தனை பேர் என்று சொல்லுங்கள். ஆயிரத்தில் ஒருவர் இருவர் ஆனாலும் இரண்டு மடங்கு, ஆயிரத்தில் ஐம்பது நூறானாலும் இரண்டு மடங்கு. வயதைப் பிரித்துச் சொல்வது இன்னும் முக்கியம். கோவிடில் சாவின் ஆபத்து வயதோடு செங்குத்தாக ஏறியது. "எல்லாருக்கும் ஒரே ஆபத்து" என்று சொன்னால் இருபது வயதுப் பையன் நம்ப மாட்டான், சரியாகத்தான் நம்ப மாட்டான். "உனக்குக் குறைவு, ஆனா உன் வீட்ல இருக்கிற ஆயாவுக்கு அப்படியில்ல" என்றால் காது கொடுப்பான்.

ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் தனியாக எடுங்கள்

2017இல் தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் உரிமையை அரசு குறைப்பதற்கு ஓர் அளவுகோலைச் சொன்னது. அதை ஊர்ப் பேச்சில் சொன்னால் நான்கு கேள்விகள்: இதற்குச் சட்டம் இருக்கிறதா? நோக்கம் நியாயமானதா? இந்தக் காரியம் அந்த நோக்கத்தை நிறைவேற்றுமா? இதைவிடக் குறைந்த வலியில் அதே பலன் கிடைக்குமா? நான்காவது கேள்வியில்தான் நல்ல யோசனைகள் பிறக்கும்.

வாரச்சந்தையை எடுத்துக்கொள்வோம். கோயம்பேட்டில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரையில் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், 25ஆம் தேதி காய்கறி வாங்க மக்கள் முண்டியடித்தார்கள். மே 5 அன்று கோயம்பேடு மூடப்பட்டது. அதற்குள் அங்கே வேலை செய்தவர்கள் ஊர் திரும்பி, கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை தொற்று போய்விட்டது. காய்கறிச் சந்தை திருமழிசைக்கு மாறி, செப்டம்பர் இறுதியில்தான் கோயம்பேட்டில் மறுபடி திறந்தது. 2021 மே 24 ஊரடங்குக்கு முன்பும் இரண்டு நாள் எல்லாக் கடைகளும் திறக்க அனுமதித்தபோது அதே நெரிசல்.

இதில் ஊருக்கு இரண்டு பாடம். நெரிசல் முற்றிய பிறகு மூடுவதைவிட முதலிலேயே பரப்பி வைப்பது மேல். மூடும் அறிவிப்பே கூட்டத்தை உண்டாக்கும். ஆகவே நாளை முதல் சந்தை இல்லை என்று திடீரென்று சொல்லாதீர்கள். எங்கே, எப்போது காய்கறி கிடைக்கும் என்பதை அதே அறிவிப்பில் சொல்லுங்கள்.

பரப்புவதற்கு ஒரு கணக்கு. 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலத்தில் ஒரு திடல் இருந்தால் 2,400 சதுர மீட்டர். நடைபாதைக்கும் வண்டி நிறுத்தவும் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கினால் மீதி 1,600. ஒரு தரைக்கடைக்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர், சுற்றிலும் இடைவெளி சேர்த்து 6 மீட்டருக்கு 6 மீட்டர் கட்டம் என்றால் 36 சதுர மீட்டர். 44 கடை பிடிக்கும். வழக்கமாக 80 பேர் கடை போடுகிறார்கள் என்றால் செவ்வாயும் வெள்ளியும் பாதிப் பாதியாகப் பிரிக்கலாம். யார் எந்த நாள் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். தலைவருக்கு வேண்டியவர்கள் வெள்ளிக்கிழமை வாங்கிக்கொண்டார்கள் என்ற பேச்சு வந்தால் திட்டமே போச்சு. சுண்ணாம்புக் கோடு ஒரு மழைக்குத் தாங்காது. நான்கு மூலையிலும் செங்கல் பதித்துவிடுங்கள்.

பலரும் மறப்பது சந்தைச் சுங்கக் குத்தகையை. ஆண்டு ஏலம் எடுத்த குத்தகைதாரர் "கடை பாதியாச்சு, பணத்தைக் குறைங்க" என்று வருவார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. அதைக் கூட்டத்திலேயே பேசி, எத்தனை வாரத்துக்கு எவ்வளவு கழிவு என்று கேட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் அவர் நட்டத்தைக் கீரை விற்கும் பாட்டியிடம் கூடுதல் சுங்கமாக வசூலித்துக்கொள்வார்.

திருவிழாவை ஒரே பொருளாகப் பேசினால் கைகலப்புதான். பிரித்துப் பேசுங்கள். கொடியேற்றம், முளைப்பாரி, கூழ் ஊற்றுதல், தேர், அன்னதானம், இரவுக் கச்சேரி என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், திறந்த வெளியா மூடிய இடமா, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். கொடியேற்றத்துக்குப் பூசாரியும் பத்துப் பேரும் போதும். கூழை வரிசையில் நின்று அங்கேயே குடிக்காமல் தூக்குவாளியில் வீட்டுக்கு வாங்கிப் போகலாம். மண்டபத்தில் பந்தி போடும் அன்னதானம்தான் பெரிய ஆபத்து. அதைப் பொட்டலமாக்கலாம். தேர் திறந்தவெளி என்றாலும் வடம் பிடிப்பவர்கள் தோளோடு தோள் நிற்பார்கள். கச்சேரியைத் தள்ளிவைக்கலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. 2020இல் மதுரை மீனாட்சி திருக்கல்யாணமே பக்தர்கள் இல்லாமல் நடந்து இணையத்தில் ஒளிபரப்பானது. 2022 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்கு 150 பார்வையாளர்கள் அல்லது இருக்கைகளில் பாதி, எது குறைவோ அது என்று அனுமதித்தார்கள். முழுதாக நடத்துவதற்கும் முழுதாக நிறுத்துவதற்கும் நடுவே இடம் நிறைய இருக்கிறது.

வயதானவர்களிடம் பேசும்போது காப்புக் கட்டுவதை நினைவூட்டலாம். காப்புக் கட்டிவிட்டால் ஊரைவிட்டு வெளியே போய்த் தங்கக் கூடாது என்பது பல ஊர்களில் இன்றும் உள்ள வழக்கம். நாள் குறித்துக் கட்டி, நாள் குறித்து அவிழ்க்கும் கட்டுப்பாடு நமக்குப் புதிதல்ல.

கல்யாண மண்டபத்தில் எத்தனை பேர் என்பதோடு காற்று எப்படி என்பதையும் கேளுங்கள். ஏசி போட்டு எல்லா ஜன்னலையும் அடைத்த கூடத்தில் 50 பேர் மூன்று மணி நேரம் இருப்பது, நாலு பக்கமும் திறந்த பந்தலில் 150 பேர் இருப்பதைவிட மோசமாக இருக்கலாம். கரியமில வாயு அளக்கும் சின்னக் கருவி ஒன்றை ஊராட்சி வாங்கி வைத்தால் வாக்குவாதம் குறையும். வெளிக்காற்றில் ஏறக்குறைய 420 பிபிஎம் காட்டும். கூடத்தில் 800க்குள் இருந்தால் நல்லது. 1,500 காட்டினால் ஒவ்வொருவரும் இழுக்கும் மூச்சில் 3 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவாக அடுத்தவர் விட்ட காற்று இருக்கிறது என்று பொருள். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒரு பக்கம் காற்றை வெளியே தள்ளும்படி மின்விசிறி வைத்து மறுபடி அளந்து காட்டுங்கள். கண்ணெதிரே எண் இறங்குவதைப் பார்த்தவர் மறுபேச்சுப் பேச மாட்டார். மேடையைவிட முகக்கவசத்தைக் கழற்றி உட்காரும் பந்திக்கூடத்தில்தான் முதலில் அளக்க வேண்டும்.

பள்ளி விஷயத்தில் எங்கள் கருத்தை மறைக்கவில்லை: கடைசியாக மூட வேண்டியது, முதலில் திறக்க வேண்டியது பள்ளிதான். தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க, நடுநிலை வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பு முடிக்கப்போன பிள்ளை மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. இழந்ததை ஈடுகட்ட இல்லம் தேடிக் கல்வி என்று தனித் திட்டமே தொடங்க வேண்டியிருந்தது. ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் இழப்பு அதிகம், அந்த வீட்டார்தான் கூட்டத்தில் குறைவாகப் பேசுவார்கள். பிள்ளைகளையே கடுமையாகத் தாக்கும் நோய் என்றால் கணக்கு மாறும். இல்லையென்றால், சாயங்காலம் டாஸ்மாக் திறந்திருக்கும் ஊரில் பள்ளி மூடியிருப்பதற்குக் காரணம் கேளுங்கள்.

இறந்தவர்களைப் பற்றிய பயத்தைப் பேசாமல் விட்டால் அது வன்முறையாகும். 2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஆம்புலன்ஸையே தாக்கினார்கள். அடக்கத்தைத் தடுத்தால் மூன்றாண்டு வரை சிறை என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. மூச்சு விடாத உடல் இருமாது, தும்மாது. முறைப்படி கட்டி ஆழமாகப் புதைத்தாலோ எரித்தாலோ சுடுகாட்டுக்குப் பக்கத்து வீட்டுக்கு எதுவும் வராது. இதை ஒரு மருத்துவர் வாயால், யாரும் இறப்பதற்கு முன்பே கூட்டத்தில் சொல்ல வையுங்கள். பிணம் வந்து நிற்கும்போது சொன்னால் யார் காதிலும் விழாது.

தடுப்பூசி பற்றிய சண்டைக்கு உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியல் வழக்கில் வழி காட்டியிருக்கிறது. யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது. பொது நலனுக்காக, நிலைமைக்கு ஏற்ற அளவில் அரசு சில கட்டுப்பாடுகள் விதிக்கலாம். ஊசி போடாத வீட்டுக்கு ரேஷன் கிடையாது, தண்ணீர் கிடையாது என்றெல்லாம் ஊர் சொல்ல முடியாது.

கூட்டத்தை நடத்துவது

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தொற்று இந்தத் தேதிகளுக்காகக் காத்திருக்காது. சிறப்புக் கிராம சபை கேட்டு மனு கொடுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத ஊராட்சியில் மனு தனி அலுவலருக்குப் போகும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான எண்ணிக்கை. தொற்றுக் காலத்தில் இதுவே ஒரு சிக்கல்: 2020 அக்டோபர் 2 கிராம சபைகள் கூட்டம் சேரும் என்று சொல்லித்தான் ரத்தாயின. அப்படி ஆனால் வார்டு வாரியாக 25 பேர் கொண்ட திறந்தவெளிக் கூட்டங்களை நடத்தி, ஒரே கேள்விப் பட்டியலுக்குப் பதில் வாங்கி, தொகுத்து ஆட்சியருக்கு மனுவாக அனுப்பலாம். அது சட்டப்படி கிராம சபைத் தீர்மானம் ஆகாது, ஆனால் ஊரின் குரல் பதிவாகும்.

மண்டபத்துக்குள் வேண்டாம். மரத்தடியோ பள்ளி மைதானமோ போதும், மாலை ஐந்து மணிக்கு வெயில் இறங்கியிருக்கும், நூறு நாள் வேலைக்குப் போனவர்களும் திரும்பியிருப்பார்கள். தண்டோரா போட்டு அழைக்காதீர்கள். ஒருவரின் சாதியைச் சொல்லிச் செய்யவைக்கும் அந்த வழக்கத்தைக் கைவிட 2022இல் அரசே சொல்லிவிட்டது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, குக்கிராமம் தவறாமல் போய்ச் சொல்லுங்கள்.

பேசும் வரிசைதான் கூட்டத்தின் உயிர். முதல் பத்து நிமிடம் சுகாதார ஆய்வாளர் எண்களைச் சொல்லட்டும். அடுத்து, கட்டுப்பாட்டால் வருமானம் இழக்கப்போகிறவர்கள்: தரைக்கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், பந்தல், சமையல், மேளம் என்று திருவிழாவை நம்பியவர்கள். பிறகு ஆபத்து அதிகமுள்ள வீட்டார்: முதியோர், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், கர்ப்பிணிகள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம். இழப்பவர்களைக் கடைசியில் பேசவிட்டால் எல்லாம் முடிவான பிறகு முறையிடுவது போல ஆகிவிடும், கத்தத்தான் செய்வார்கள். மகளிர் குழுப் பெண்கள் ஒலிவாங்கியில் பேசத் தயங்கினால் குழுத் தலைவி எழுதி வாங்கிப் படிக்கலாம்.

வாக்குவாதம் சூடானால் தலைவர் செய்ய வேண்டியது, பேச்சைக் கேள்வியாக மாற்றுவது. "கடையை மூடினா எங்க வீட்ல அடுப்பெரியாது, நீங்க சம்பளக்காரங்க பேசுவீங்க" என்று ஒருவர் எழுந்தால், "உட்காருங்கண்ணே" என்று அடக்கக் கூடாது. "அண்ணே, ஒரு சந்தை நாளைக்கு உங்க கையில எவ்வளவு நிக்கும்? எட்டு நூறா? அப்ப எம்பது கடைக்கு நாலு வாரம்னா ரெண்டு லட்சத்து அம்பத்தாறாயிரம். இதை எழுதிக்கங்க" என்று பலகையில் போட வைக்க வேண்டும். அவர் கோபம் ஊரின் கணக்காகிவிடும். அதுபோல "எங்கம்மாவுக்கு ஒண்ணு ஆனா யார் பொறுப்பு" என்று ஒரு பெண் கேட்டால், "அக்கா, அம்மாவுக்கு எங்க போனா ஆபத்துன்னு நினைக்கிறீங்க? ரேஷன் கடை வரிசையா, ஆஸ்பத்திரியா?" என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் ஓர் இடமாக, ஒரு நேரமாக இருக்கும். அதைச் சரிசெய்துவிடலாம்.

ஒரு தெருவையோ சாதியையோ மதத்தையோ காரணமாகச் சொன்ன உடனே ஒலிவாங்கியை வாங்கிவிட வேண்டும். "காலனிக்காரங்க வர வேண்டாம்", "அவங்களாலதான் வந்துச்சு" என்ற பேச்சை ஒருமுறை விட்டால் அந்தத் தெருக்காரர்கள் காய்ச்சலை மறைப்பார்கள், பரவல் இருட்டில் நடக்கும். 2020 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையே ஒரு மத மாநாட்டின் பெயரைத் தினசரி அறிக்கையில் சொல்வதை விட்டுவிட்டு, ஒரே மூலத்திலிருந்து வந்த தொற்று என்று சொல்லத் தொடங்கியது. வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டுவதும் இதே ரகம். தகுந்த அதிகாரியின் உத்தரவில்லாமல் ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

தீர்மானத்தை எழுதும் விதம்

"தொற்றைக் கட்டுப்படுத்தத் தேவையான நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் எதுவும் நடக்காது. இப்படி எழுதுங்கள்:

"நமது ஊராட்சியின் செவ்வாய்ச் சந்தை வரும் 6ஆம் தேதி முதல் 28 நாட்களுக்குக் கோயில் திடலில், செவ்வாய், வெள்ளி இரு நாட்களும் காலை 6 முதல் 10 வரை, நாளொன்றுக்கு 44 கடைகளுக்கு மிகாமல் நடைபெறும். 14ஆம் நாள் எண்கள் பரிசீலிக்கப்படும். வட்டாரத்தில் தொற்று விகிதம் 5 விழுக்காட்டுக்குக் கீழும், ஊராட்சியில் வாரப் புதிய நோயாளிகள் 5க்குக் கீழும் தொடர்ந்து இரண்டு வாரம் இருந்தால் சந்தை பழைய இடத்துக்கும் பழைய நேரத்துக்கும் திரும்பும். 28 நாள் முடிந்ததும் புதிய தீர்மானம் இல்லாமல் இந்தக் கட்டுப்பாடு நீடிக்காது. இக்காலத்தில் தரைக்கடைச் சுங்கம் வசூலிக்கப்படாது. குத்தகைதாரருக்குக் கழிவு வழங்க அரசைக் கோருகிறோம்."

14 நாள் என்பதற்குக் காரணம் உண்டு. கோவிடில் தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் வரை ஆகும் என்று கணக்கு. இன்று விதிக்கும் கட்டுப்பாட்டின் பலன் அடுத்த வார எண்ணிக்கையில் தெரியாது. நான்காம் நாளே "ஒண்ணும் குறையல" என்று சண்டை வரும். அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வேறு நோய் என்றால் இந்த நாள் கணக்கை மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள்.

முடிவு நாள் எழுதாத கட்டுப்பாட்டுக்குக் கை தூக்காதீர்கள். விதிப்பதற்கு எல்லோரும் முன்வருவார்கள், விலக்கும் பொறுப்பை ஏற்க ஒருவரும் வர மாட்டார். தேதி தானாக விலக்கட்டும்.

இழப்பு எவ்வளவு என்று பலகையில் போட்ட கணக்கைத் தீர்மானத்தோடு இணைத்து அனுப்புங்கள். 2020 ஏப்ரலில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய், 2021 மே, ஜூனில் இரு தவணையாக 4,000 ரூபாய் என்று அரசு கொடுத்தது. அது எல்லா அரிசி அட்டைக்கும் ஒரே தொகை. எட்டு நாள் சந்தையை இழந்தவருக்கும் மாதச் சம்பளம் குறையாமல் வாங்கியவருக்கும் வேறுபாடு இல்லை. யாருக்கு எவ்வளவு போனது என்று ஊரிலிருந்து எழுத்தில் போனால்தான் கேட்க இடமிருக்கும்.

தீர்மானப் புத்தகத்தில் எதிர்த்தவர்களின் காரணத்தையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பரிசீலனை நாளில் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். அவர்கள் சொன்னபடி நடந்திருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். நகலை அன்றே கேட்டு வாங்குங்கள். இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். ஒரு நகலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், ஒன்றை ரேஷன் கடைப் பலகைக்கும் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் போடும்போது படமாகப் போடாமல் எழுத்தாகவும், கூடவே யாராவது படித்த ஒலிப்பதிவாகவும் போட்டால் கண் தெரியாத பெரியவர்களுக்கும் போய்ச் சேரும்.

14ஆம் நாள் காலை சுகாதார ஆய்வாளரிடம் மறுபடி அதே நான்கு எண்களை வாங்கி, பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே அதே பலகையில் எழுதுங்கள். பழையதை அழிக்காதீர்கள்.